கொரிய மொழியில் ஏதுமடல்

காரணம் எழுதுதலே இருபத்தாறு ஆண்டுகள் என் பணியாக இருந்தமையால், இக்கட்டுரை எழுதப்படுவதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை.

சென்ற மாதம் நஸ்ரீன் என்னும் இளம்பொறியாளர் என் இல்லத்திற்கு வந்தார். தஞ்சாவூரில் நான் பணியாற்றி ஓய்வுபெற்ற வேளாண்பொறி விற்பனையகத்தில் என் இருக்கையில் இப்போது அமர்ந்திருப்பவர் அவரே, உரிமையாளரின் மகளுமாவார். வந்ததும் கைப்பேசியை என் முன் நீட்டினார்.

“ஐயா, ‘பெல்ட் அறுந்ததால மெஷின் நின்னுச்சு’ன்னு தமிழ்ல போட்டா, இது கொரியன்ல மூணு விதமா காட்டுதுங்க. எதை அனுப்புறது?”

“மூன்றும் பிழையில்லை அம்மா. ஆனால் மூன்றும் ஒன்றில்லை.”

“அதுக்குத்தாங்க வந்தேன். போன தடவை ஏதோ ஒண்ணை அனுப்பிட்டேன். அங்கேருந்து, ‘ஏன் இவ்வளவு கோவமா எழுதுறீங்க’ன்னு கேக்குறாங்க. நான் கோவப்படவே இல்லீங்க ஐயா. அன்னைக்கு அத்தா மேலதான் கோவமா இருந்தேன்.”

அத்தா என்றது தந்தையாகிய எங்கள் உரிமையாளரை. அன்று மாலை முழுவதும் அவருக்கு விளக்கினேன். புறப்படும்போது, “இதெல்லாம் எழுதி வைங்க ஐயா. நீங்க சொல்ற மாதிரி எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல” என்றார். எந்த நூலிலும் இல்லை என்பது இளையோர்க்குரிய மிகை. ஆயினும், கொரிய மொழியின் காரண இலக்கணத்தைக் கீழ்வேளூர் வயல்வரப்பில் கற்றுத் தெளிந்தவர் என்னையன்றி வேறொருவர் இருப்பதாக நான் அறியேன். ஆகவே எழுதத் துணிந்தேன்.

நான் புலவர் பட்டம் பெற்றவன். ஆசிரியப்பணி கிட்டாமையால் மேற்கூறிய விற்பனையகத்தில் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் உரிமையாளர் கொரிய நாட்டு அறுவடைப் பொறிகளை வருவித்து விற்கத் தொடங்கினார். பெட்டிகளின்மேல் வட்டமும் கோடுமாக எழுத்துகள் இருந்தன. படிப்பார் ஒருவருமில்லை. எழுத்து என்று ஒன்று கண்முன் இருக்க அதனைப் படியாதிருத்தல் புலவர் பட்டம் பெற்றவனுக்கு இழுக்கு என்று எனக்குப் பட்டது. ஒரு கிழமையில் எழுத்துகளைக் கற்றேன். ஓராண்டில் உறுப்புகளின் பெயர்களைக் கற்றேன். பிறகு பொறி செய்யும் ஆலையே என்னை ஆறு திங்கள் பயிற்சிக்கு அழைத்தது. குளிர் தாங்காமல் போர்வைக்குள் அமர்ந்து நான் மனப்பாடம் செய்த வினைத்திரிபுகளைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா. திரும்பி வந்தபோது எனக்கு ஒரு புதிய பணி காத்திருந்தது.

அப்பணி இது. உறுதிக்காலத்திற்குள், அதாவது ‘வாரண்டி’ முடியுமுன், பொறி பழுதுற்றால், ஆலை புதிய உறுப்பை உடனே அனுப்பிவிடாது. அதற்கு முன் ‘சாயுசொ’ என்னும் மடல் ஒன்று கொரிய மொழியில் போய்ச் சேரவேண்டும். சாயு என்பது காரணம். சொ என்பது எழுத்து. கொரியப் பணியிடங்களில் ஊழியர் காலந்தாழ்ந்து வந்தாலும் இம்மடல்தான். ஆலையில் பொறி நின்றாலும் இம்மடல்தான். அதற்கு மூன்று பகுதிகள் உண்டு: பழுதின் காரணம், செய்த சீரமைப்பு, இனி நிகழாமைக்கு வழி. நம் இலக்கண நூலார் காரணத்தை ஏது என்பர். ஆதலால் இதற்கு ‘ஏதுமடல்’ என்று பெயர் வைத்தேன். பட்டறையில் அதனைக் ‘காரணக் கடுதாசி’ என்றே கடைசிவரை வழங்கினர். டீசலுக்கு ‘எரிநெய்’ என்று நான் ஒருமுறை எழுதி, ஒருவருக்கும் விளங்காமற் போனது முதல் இவ்வகைத் தோல்விகளுக்கு நான் பழகியிருந்தேன்.

என் மடல்களைப் படித்து ஒப்பமிடும் அதிகாரி யூன் என்பவர். சென்னையில் இருந்தார். ‘குவாஜாங்’ என்பது அவர் பதவி. பிரிவுத் தலைவர் என்று கொள்ளலாம். என்னினும் பத்தாண்டு இளையவர். நான் அவரைக் ‘குவாஜாங்-நிம்’ என்பேன். அவர் என்னைச் ‘சொன்செங்-நிம்’, அதாவது ஆசிரியர் ஐயா, என்பார். கிடைக்காத ஆசிரியப் பட்டத்தை எனக்கு வழங்கியவர் அவரே.

அவரிடம் நான் பெற்ற முதற்பாடம் ஒரு பேருந்தால் வந்தது. குடவாசலில் ஒரு பொறியைப் பார்க்க இருவரும் சந்திப்பதாக ஏற்பாடு. என் பேருந்து காலந்தாழ்ந்தது. சென்று சேர்ந்ததும், “பேருந்து தாமதமாக வந்தது, ஆதலால் தாமதித்தேன், மன்னிக்க வேண்டும்” என்று கொரிய மொழியில் சொன்னேன். ‘நிக்கா’ என்னும் ஈற்றைக் கையாண்டேன். 

“சொன்செங்-நிம், தாங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, என்மேல் வழக்குத் தொடுத்தீர்களா?”

அன்று மகிழுந்தில் திரும்பும் வழியெல்லாம் அதனை விளக்கினார். ‘நிக்கா’ என்பது வாதிடும் காரணம். சொல்பவன் தன் கருத்தை நிறுத்தி, கேட்பவனை அதற்கு இணங்கச் செய்வது. மழை வரும் ஆதலால் குடை எடு என்று ஏவுவதற்கு அது ஏற்றது. மன்னிப்புக் கேட்பதற்கு ஏற்றதன்று. மன்னிப்புக்கும் நன்றிக்கும் ‘ஒசொ’ என்னும் ஈறே உரியது. அது வாதிடாது, முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்ந்ததும் ஒன்றையொன்று தொட்டுநிற்கும்படி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் எனக்குண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! அது நம் வினையெச்சமே அன்றோ? ‘மழை பெய்து வாய்க்கால் நிரம்பியது’ என்கிறோம். பெய்ததால் என்று சொல்லவில்லை. ஆயினும் காரணம் விளங்குகிறது. பெய்து என்பதை நூலார் இறந்தகால எச்சம் என்பர்; ஆயினும் அது முன்பின் முறையையே காட்டும், முடிக்கும் வினையின் காலத்தைச் சார்ந்தே நிற்கும். ‘ஒசொ’வும் இறந்தகால உருபை ஏற்காது. ‘மழை பெய்து குடை எடு’ என்று நாம் சொல்வோமா? அவர்களும் சொல்லார், ‘ஒசொ’வை அடுத்து ஏவல் வாராது. நான் இதனை யூனிடம் கூறியபோது, வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதிகாரி ஒருவர் என் வாய்ச்சொல்லை எழுதிக்கொண்டது அதுவே முதன்முறை.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வேன். ‘த்தேமுனே’ என்பது விருப்பு வெறுப்பற்ற அறிக்கைக் காரணம். ‘தொக்புனே’ என்பது நன்றியுள்ள காரணம். ‘ஒங்க புண்ணியத்துல’ என்று நம்மவர் சொல்வதற்கு நேரானது. ‘தசே’ என்பது பழி சுமத்தும் காரணம். தீய விளைவுக்கே வரும். ‘நுராகோ’ என்பது, ஒன்றைச் செய்துகொண்டிருந்தமையால் மற்றொன்று தவறிப்போயிற்று என்னும் சாக்கு. கருவி காட்டியவற்றுள் நஸ்ரீன் அனுப்பிவிட்டது ‘தசே’ அமைந்ததை. கொரியர் வருந்தியதில் வியப்பில்லை.

யூனுடைய பணிமுறையையும் இங்கே குறிக்கவேண்டும். வயலுக்கு வந்தால் காலணியைக் கழற்றி வரப்பிலேயே வைத்துவிடுவார். அரைமணி நேரம் பொறியைத் தொடமாட்டார். ஓட்டுநரிடம் ஒருபோதும் ‘ஏன்’ என்று கேளார். ‘ஏன் என்று கேட்டால் மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறான், பொறியைப் பற்றிப் பேசமாட்டான்’ என்பது அவர் கொள்கை. தமிழில் அவர் அறிந்த சொற்கள் சிலவே. அவற்றுள் ஒன்றே அவருக்குப் போதுமானதாயிருந்தது: “அப்புறம்?” ஓட்டுநர் ஒன்று சொல்வார். “அப்புறம்?” என்பார். மற்றொன்று சொல்வார். “அப்புறம்?” இவ்வாறே பழுதின் வேருக்குப் போய்ச் சேர்வார். நிகழ்ந்தவை அனைத்தையும் நிமிடக் கணக்கோடு எழுதிவைப்பார்.

இனி, என் பணிக்காலத்தின் மிகக் கடினமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

கீழ்வேளூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து எங்களிடம் ஓர் அறுவடைப் பொறி வாங்கின. சேற்றிலும் ஓடக்கூடிய சங்கிலித் தடப் பொறி. அப்பகுதியார் ‘செயின் வண்டி’ என்பர். முந்தைய தலைமுறையில் பிறர் வயலில் கருக்கரிவாள் பிடித்தவர்கள் அவர்கள். இன்று சொந்தமாகவும் குத்தகையாகவும் தாமே பயிர் செய்கின்றனர். குழுவின் தலைவர் வடிவேல். ஓட்டுநராக அவருடைய தமையன் மகள் அமுதா தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் பட்டறையில் இரண்டு திங்கள் தங்கிப் பயின்றவர். பொறியின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் கூர்மை உடையவர். ஆயினும் ஒரு பெண் அந்த இருக்கையில் அமர்வதைப் பதினொரு குடும்பங்களில் ஐந்து விரும்பவில்லை. ஆறு குடும்பங்களின் ஒப்புதலில்தான் அவர் ஏறி அமர்ந்தார்.

அது குறுவை அறுவடைக் காலம். ஆயுதபூசை நாளன்று எங்கள் வளாகத்திலிருந்து பொறி புறப்பட்டது. அன்று புதிய பொறிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, மாலையிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். எங்கள் உரிமையாளரான பாய் பொரிகடலை மூட்டையோடு ஓரமாக நின்று எல்லாருக்கும் அள்ளி வழங்குவார். பொட்டு வைக்கும் மதிப்பு, வயதில் மூத்தவனாகிய எனக்கு உரியது.

வயலில் இறங்கிய முதல் நாளே பொறி நின்றது. முக்கால் மணி நேரம் ஓடும். பிறகு மூச்சுத் திணறியதுபோல் இழுத்து அணைந்துவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் உயிர்பெறும், மீண்டும் நிற்கும். மூன்று நாள் இவ்வாறே கழிந்தது. தென்கிழக்கில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும்.

எங்கள் பொறிவினைஞர் சேகர் சென்றார். டீசல் கலத்தின் மூடியைத் திறந்து, அடியிலிருந்து சிறிது வடித்துப் பார்த்தார், சல்லடையை மாற்றினார், ஓட்டிக் காட்டினார். பிறகு எனக்குத் தொலைபேசினார்.

“டீசல்ல தண்ணி கெடக்குங்க. பேரல்லேருந்து ஊத்துறப்ப அந்தப் பொண்ணு பாக்காம ஊத்திருக்கும். சரி பண்ணிட்டேன், இப்ப ஓடுது.”

அந்த உரையாடலைக் கொண்டே நான் ஏதுமடல் எழுதினேன். வயலுக்குச் செல்லவில்லை. ‘ஓட்டுநரின் கவனக்குறைவால்’ என்பதற்குத் ‘தசே’ என்னும் ஈற்றை அமைத்தேன். அது மிகப் பொருத்தமாக அமைந்ததென்று எனக்கு மகிழ்ச்சி. வடிவேல் தொலைபேசியில் கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னேன். அன்று பிற்பகலே பொறி மறுபடி நின்றுவிட்டது. மாலையில் குழு கூடி, அமுதாவை இறக்கிவிட்டு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓட்டுநர் ஒருவரை வருவிப்பதென முடிவு செய்தது. அந்த முடிவுக்கு அவர்கள் காட்டிய சான்று என் சொல்.

மறுநாள் காலை யூன் தஞ்சாவூருக்கு வந்தார். என் மடலைப் படித்தார்.

“சொன்செங்-நிம், இலக்கணம் குற்றமற்றது. எங்கள் நாட்டவரே இவ்வளவு திருத்தமாக எழுதுவது அரிது. தாங்கள் கண்டது என்ன?”

“நான் காணவில்லை. சேகர் கண்டார்.”

“சேகர் கவனக்குறைவைக் கண்டாரா, தண்ணீரைக் கண்டாரா?”

“தண்ணீரை.”

“எவ்வளவு?”

“நான்கைந்து துளி.”

“நான்கைந்து துளி இல்லாத டீசல் கலம் உலகில் எங்கும் இல்லையே” என்றார். மடலை மடித்து என்னிடமே தந்தார். உடனே புறப்பட்டோம்.

வயலில் பாதி அறுபட்டிருந்தது. மீதி சாய்ந்து கிடந்தது. பதினொரு குடும்பத்து ஆண்களில் பெரும்பாலோர் வரப்பில் நின்றனர். அமுதா பொறிக்கு அருகில், கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். அன்று அவருக்குக் கடைசி நாள்.

“வாங்க ஐயா, வாங்க” என்றார் வடிவேல். “நாளைக்கு ஆத்தூர் டிரைவர் வந்துருவாரு. அவரு வந்தா சரியாயிரும்.”

பின்னாலிருந்து ஒருவர், “தையல் மெஷினுன்னு நெனச்சுட்டா போலருக்கு” என்றார். சிலர் சிரித்தனர்.

அமுதா திரும்பாமலே, “தையல் மெஷினா இருந்தா மொதல்ல ஒங்க வாயைத் தச்சிருப்பேன் மாமா” என்றார்.

யூன் காலணியைக் கழற்றி வரப்பில் வைத்து அமர்ந்தார். எப்போதும் போல ஓட்டுமாறு அமுதாவிடம் சொல்லச் சொன்னார். பொறி ஓடியது. முப்பத்தெட்டாம் நிமிடத்தில் நின்றது.

“அப்புறம்?” என்றார் யூன்.

“அப்புறம் எறங்கி, டீசல் இருக்கான்னு மூடியத் தெறந்து பாப்பேங்க. இருக்கும். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணுவேன், எடுத்துக்கும்.”

அவ்வாறே செய்தார், பொறி உயிர்பெற்றது. யூன் குறித்துக்கொண்டார். இரண்டாம் முறையும் அதுவே நிகழ்ந்தது. மூன்றாம் முறை பொறி நின்றபோது யூன் எழுந்து கையை உயர்த்தினார்.

“மூடியைத் திறக்க வேண்டா என்று சொல்லுங்கள். அப்படியே முடுக்கட்டும்.”

அமுதா முடுக்கினார். எடுக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி முடுக்கினார். அப்போதும் எடுக்கவில்லை. “இப்போது திறக்கட்டும்” என்றார் யூன். அமுதா மூடியைத் திருகியதும், ‘உஸ்’ என்று கலம் காற்றை உள்ளிழுக்கும் ஓசை வரப்பில் நின்ற எங்களுக்குக் கேட்டது. முடுக்கினார், எடுத்துக்கொண்டது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்கென மூடியின் நடுவே ஊசித்துளை ஒன்று உண்டு. அது அடைபட்டால் கலத்தில் வெற்றிடம் உண்டாகி, டீசல் எந்திரத்திற்குச் செல்லாது. மூடியைத் திறந்தால் காற்றுப் புகுந்து எல்லாம் சரியாகும். ஒவ்வொரு முறையும் கலத்தைச் சோதித்தவர்கள் தம்மை அறியாமலே பொறியைச் சீர்செய்து, காரணத்தை மறைத்துக்கொண்டிருந்தனர். சேகர் செய்ததும் அதுவே.

யூன் மூடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். நடுவே சந்தனம் காய்ந்து சுண்ணாம்பைப்போல் இறுகியிருந்தது, அதன்மேல் குங்குமம். பொறியெங்கும் பளிச்சென்று துலக்கப்பட்டிருக்க, அந்த வட்டம் மட்டும் தீண்டப்படாமல் இருந்தது.

“தினமும் பொறியைக் கழுவுகிறாரே, இதை ஏன் துடைக்கவில்லை?” வழக்கத்திற்கு மாறாக யூன் ஏன் என்று கேட்டது அன்றுதான். நான் மொழிபெயர்த்தேன்.

அமுதா வியந்து அவரைப் பார்த்தார். “வெச்ச பொட்டை யாருங்க அழிப்பா?”

வரப்பில் நின்ற ஒருவரும் இதனை மறுக்கவில்லை. இந்நாட்டில் ஓட்டுநர் யாராயிருப்பினும் அதனைச் சுற்றித்தான் கழுவியிருப்பார். யூன் ஓர் ஈர்க்கை வாங்கித் துளையைக் குத்திச் சீர்செய்தார். பொறி அதன்பின் நிற்கவில்லை.

ஆயுதபூசை நாளன்று அந்த வட்ட மூடியை நான் கண்டது நினைவுக்கு வந்தது. நெற்றியைப்போல் திருத்தமாக இருக்கிறதே என்று எண்ணி, மற்ற இடங்களைவிடக் கெட்டியாகவே அங்குச் சந்தனம் வைத்தேன். அதை அறிந்தவர் அங்கு வேறு யாருமில்லை. அடுத்த நொடியே நான் சொன்னேன்:

“அந்தப் பொட்டை வைத்தவன் நான். பார்க்காமலே அமுதாவின்மேல் பழி எழுதியவனும் நான்.”

வடிவேல் பதறினார். “ஐயா வெச்ச பொட்டா? விடுங்கய்யா, அது சாமி காரியம். அதுல யாரைக் குத்தம் சொல்ல முடியும்?”

அமுதா அப்போதுதான் பொறியின் கைப்பிடியை விட்டுத் திரும்பினார். “ஏன் சித்தப்பா, அதை நான் வெச்சிருந்தா சாமி காரியம்னு சொல்லிருப்பீங்களா?”

வடிவேல் தோள்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

வரப்பிலேயே அமர்ந்து புதிய ஏதுமடல் எழுதினேன். ‘வழிபாட்டில் ஈடுபட்டிருந்தமையால் துளையைக் கவனிக்கவில்லை’ என்று ‘நுராகோ’வில் தொடங்கினேன். எழுதியவுடனே அது சாக்கு என்று எனக்கே தெரிந்தது; அடித்துவிட்டேன். ‘நிக்கா’வுக்கு அங்கு இடமே இல்லை. கடைசியில், யான் சந்தனம் இட்டுத் துளை அடைந்தது, துளை அடைந்து பொறி நின்றது என்று ‘ஒசொ’வாலேயே தொடுத்தேன். காணாமல் எழுதிய முதல் மடலைத் திரும்பப் பெறுவதையும் என் பெயரிட்டு எழுதினேன். யூன் படித்தார். ஓரெழுத்தும் திருத்தவில்லை.

“மூன்றாம் பகுதி?” என்று மட்டும் கேட்டார். இனி நிகழாமைக்கு வழி. ‘பொறிகளுக்குப் பொட்டு வையாதிருத்தல்’ என்று எழுதப் போனேன்.

“ஓட்டுநரைக் கேளுங்கள்” என்றார் யூன்.

கேட்டேன். “வைக்காதீங்கன்னு சொன்னா யாருங்க கேப்பா? நானே கேக்க மாட்டேன்” என்றார் அமுதா. எந்திரத்தின் பக்கத் தகட்டைத் தட்டிக் காட்டினார். “இது வெறும் தகரம். இங்க வைக்கலாம். எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தா அங்க வைக்கிறோம்.”

அதனையே மூன்றாம் பகுதியாக மொழிபெயர்த்து எழுதினேன். அடுத்த பருவத்தில் வந்த பொறிகளில் மூடியின் துளை மேற்புறத்திலிருந்து விளிம்பின் அடிப்பக்கத்திற்கு மாறியிருந்தது. இடப்பக்கத் தகட்டில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு சிறு வட்டமும் வரையப்பட்டிருந்தது. இன்றுவரை நம்மவர் பிழையாமல் அங்கேதான் பொட்டு வைக்கின்றனர். கடல் கடந்த ஆலை ஒன்று நம் பொட்டுக்கு இடம் ஒதுக்கித் தந்ததென்றால், அதற்கு அமுதாவின் அறிவும் என் மொழிபெயர்ப்பும் காரணம் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் அன்றைய வேலை அத்துடன் முடியவில்லை. நான் மடலை உறையிலிட்டதும் அமுதா அருகில் வந்தார்.

“கொரியாவுக்கு எழுதுனது சரிங்க ஐயா. எங்க ஊருக்கு ஒண்ணு எழுதித் தாங்க.”

“எல்லாரும் இங்கேயே கேட்டார்களே அம்மா?”

“கேட்டவங்க நாளைக்கு மறந்துட்டேன்னுவாங்க. நேத்து நீங்க போன்ல சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சு. எழுதித் தாங்க.”

இத்தனை ஆண்டுகளில் நான் தமிழில் ஓர் ஏதுமடல் எழுதியதில்லை. பெருஞ்சொல் எதுவும் அன்று வரவில்லை. எளிய சொற்களே வந்தன:

‘பொறி நின்றதற்குக் காரணம், டீசல் மூடியின் துளை சந்தனத்தால் அடைபட்டது. அச்சந்தனத்தை வைத்தவன் இம்மடலை எழுதும் நானே. ஓட்டுநர் அமுதாவிடம் எக்குறையும் இல்லை. நேரில் வந்து பார்க்காமல் அவரைக் குறை சொன்னது என் பிழை. அவர் சொன்ன விடைகளைக் கொண்டே காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.’

அன்று மாலை குழு மீண்டும் கூடியது. நானும் யூனும் இருந்தோம். மடலை யார் படிப்பது என்ற பேச்சு எழுந்தபோது அமுதா, “சித்தப்பாதான் படிக்கணும்” என்றார். வடிவேல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். ‘எக்குறையும் இல்லை’ என்னும் இடத்தில் சற்று நிறுத்தினார். “ஐயா, இதை எக்குறையும்னே படிக்கவா, ஒரு கொறையும் இல்லன்னு படிக்கவா?” என்று கேட்டார். எல்லாருக்கும் விளங்கும்படி படியுங்கள் என்றேன். இரண்டு வகையாகவும் படித்தார். பிறகு எங்கள் முன்னிலையிலேயே ஆத்தூருக்குத் தொலைபேசி, “வர வேண்டாங்க. எங்க டிரைவரு இருக்காங்க” என்றார். ‘இருக்காங்க’ என்று அவர் சொன்னதை எல்லாரும் கவனித்தோம். தையற்பொறி பற்றிப் பேசியவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பாகப் பதினொரு குடும்பத்து நெல்லும் களம் சேர்ந்தது. அமுதா இன்றும் அவ்விருக்கையில்தான் இருக்கிறார். குழுவில் இப்போது இரண்டு பொறிகள். இரண்டாவதை ஓட்டுபவர் யார் என்பதையும் அவரே முடிவு செய்தார்.

நான் எழுதிய ஏதுமடல்கள் நான்கு இரும்புப் பேழைகளை நிறைக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு வினாவுமின்றி ஒப்பமிடப்பட்டவை. கொரிய நடைக்கு முன்மாதிரியென ஆலையில் புதியவர்களுக்குக் காட்டப்பட்டவையும் சில உண்டு. அவற்றிற்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, பேழையில் இல்லாத, தமிழில் எழுதிய அந்த ஐந்து தொடர்களையே.

நஸ்ரீனுக்கும் அவர்பின் வருவோர்க்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. எந்த ஈற்றைத் தேர்வதென்று கைப்பேசியைக் கேட்பதற்குமுன், வயலுக்குச் சென்று பாருங்கள். கண்டவனுக்கு ஈறு தானே அமையும்.

கொரிய இலக்கணம் அறிந்தோர் என் விளக்கத்தில் வழு கண்டால் திருத்துக. ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அடக்கியதில் குறைகள் இருக்கவே செய்யும். பொறிநுட்பம் அறிந்தோரும் அவ்வாறே பிழை காட்டுக, நன்றியுடன் ஏற்பேன்.

ஒரு திருத்தம் இப்போதே வந்துவிட்டது. அச்சுக்கு அனுப்புமுன் இதனை அமுதாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவர், ஓரிடத்தை மட்டும் மறுத்தார். “அடுத்த நொடியே சொன்னேன்னு எழுதிருக்கீங்க. இல்லீங்க ஐயா. தூக்குவாளியில டீ வந்துச்சு. எல்லாரும் குடிச்சாங்க. நீங்க ரெண்டாவது டம்ளரும் வாங்குனீங்க. அதுக்கப்புறந்தான் சொன்னீங்க.” என் நினைவில் அது ஒரு நொடிதான். ஆயினும் மேலே எழுதியதை மாற்றாமல், அவர் கூற்றை இங்கே சேர்க்கிறேன். அவர் சொல்வதே மெய்யாக இருக்கும். அத்தனை நேரமும் காத்து நின்றவர் அவர்.